ரத்னப்ரபாவுக்கு வராத எழுத்து

காலையில் எழுந்து, வாசலில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்தேன். காய்ச்சினேன். டிகாக்ஷன் இறங்கும் வரை பல் தேய்த்தேன். ஒரு டம்ளர் காபி, நின்றபடியே. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். குளித்தேன். துவைத்த சட்டை ஒன்றுதான் இருந்தது, அதைப் போட்டுக்கொண்டேன். தாட்சாயணியின் படத்துக்கு அவள் அம்மா மாட்டிவிட்டுப் போன சந்தன மாலையில் தூசி. ஊதினேன். போகவில்லை. கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

தினமும் இதுதான். மனைவியை இழந்தவனுக்குச் சோறு இறங்காது, தூக்கம் வராது என்கிறார்கள். எனக்கு இரண்டும் நடக்கின்றன. மற்ற எதுவும் நடப்பதில்லை.

அன்று போக வேண்டிய இடம் ரத்னப்ரபாவின் பங்களா. ஆற்காடு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட தெருவில், பொக்கை வாயில் மிஞ்சிய ஒற்றைப் பல்லைப் போல நிற்கும். கேட்டின் மேல் இரண்டு சிமென்ட் அன்னங்கள். இரண்டுக்கும் தலை இல்லை. கூடத்துக்குள் நுழைந்ததும் ஆள் உயரப் படம்: கைகூப்பிய ரத்னப்ரபா, நெற்றியில் காலணா அளவு பொட்டு. அதன் கீழே பித்தளையில், ‘தேன்மொழித் தாரகை’.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் அவள் பேசிக் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை.

ஆந்திராவில் நரசாபுரத்துப் பெண். பதினான்கு வயதில் சித்தியோடு ரயில் ஏறி மதராசுக்கு வந்தாள். கொஞ்ச காலம் கூட்டத்தில் ஆடினாள். ஒரு தயாரிப்பாளருக்கு அவள் கண்கள் பிடித்துப்போயின. அதற்குப் பிறகு இருபது வருடங்கள் தமிழ்நாட்டின் பத்தினி அவள்தான். புருஷன் குடித்தால் அழுவாள். மாமியார் திட்டினால் அழுவாள். பூஜை விளக்கு அணைந்தால் அழுவாள். கொட்டகைகளில் பெண்கள் முந்தானையைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தார்கள். தமிழ் மட்டும் அவளுக்கு வரவில்லை. கற்றுக்கொள்ளவும் இல்லை.

படப்பிடிப்பில் அவள் எண்களைச் சொன்னாள்.

எங்கள் தொழிலில் இது இன்றும் உண்டு. பாஷை தெரியாத நாயகி காமிரா முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்வாள். உதவி இயக்குநர் வசனத்தின் நீளத்தைப் பார்த்து, “அம்மா, இதுக்கு ஒம்போது வரைக்கும் போங்க” என்பார். அழுகைக் காட்சி என்றால் அழுதபடி ஒன்பது வரை. கோபம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு. காதல் என்றால் தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு ஒரு பெண் இருட்டறையில் மைக் முன் நின்று, எண்ணுகிற அந்த உதடுகளுக்குள் தமிழை ஊற்றுவாள். ரத்னப்ரபாவுக்காக இருபது வருடமும் அப்படி நின்றவர் சௌந்தரவல்லி. மும்பையிலிருந்து இன்று வந்து எண்ணிவிட்டுப் போகும் பெண்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்கு யாரும் தேன்மொழி என்று பித்தளையில் எழுதி வைப்பதில்லை.

ஒரு சபாவில் அவளுக்குச் சிறந்த உச்சரிப்புக்கான கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அவள் கைகூப்பினாள், சிரித்தாள், இறங்கிவிட்டாள். அடக்கத்தின் உருவம் என்று பத்திரிகைகள் எழுதின. சௌந்தரவல்லி கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாராம்.

சௌந்தரவல்லி செத்தார். அடுத்த படத்துக்கு வேறொருத்தி குரல் கொடுத்தாள். “இது யார்ரா, நம்ம ரத்னப்ரபா கொரல் எங்கடா?” என்று கொட்டகையில் கத்தினார்கள். அத்தோடு முடிந்தது. ரத்னப்ரபா என்ன செய்தாள் தெரியுமா? தொண்டை டாக்டரிடம் போனாள். தன் குரல் போய்விட்டது என்று வாயைத் திறந்து காட்டினாள்.

வெளிச்சத்தம் ஆகாது என்று படுக்கையறை ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தாள். அங்கேயே உட்கார்ந்து தன் பழைய படங்களைப் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் டிவி எதிரிலேயே செத்துப்போனாள். படம் ஓடிக்கொண்டிருந்ததாம்.

ஜன்னல் இல்லாத அறை டப்பிங்குக்குத் தோதானது. அவள் தங்கை மகன் பானுமூர்த்தி அதை அப்படியே குரல் பதியும் அறையாக்கிவிட்டார். நடுவில் ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் மைக்கும் திரையும். இந்தப் பக்கம் நான்.

“வா தம்பி, வா. காபி சாப்ட்டியா? சாப்ட்ருப்ப. சரி.” பானுமூர்த்தி விசிறிக்கட்டையால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். “இன்னிக்கு பெத்தம்மாவைக் கொன்னுடலாமா?”

கடைசி ரீல். அவருடைய பெத்தம்மா, அதாவது பெரியம்மா ரத்னப்ரபா, சாகும் காட்சி.

படத்தின் பெயர் வேண்டாம். ஒரு பத்தினி, ஒரு போக்கிரிப் புருஷன், ஒரு குத்துவிளக்கு. போதும். அதைச் சுத்தம் செய்து மறுபடி கொட்டகைக்குக் கொண்டுவர பானுமூர்த்தி ஆள் பிடித்திருந்தார். படச்சுருள் பிழைத்திருந்தது. ஒலிச்சுருள் புளித்துக் கூழாகிவிட்டது. படப்பிடிப்பில் எடுத்த நாடா மட்டும், அதாவது ரத்னப்ரபா எண்ணுகிற நாடா, பரணில் பத்திரமாக இருந்தது. அந்தக் கழிசடைதான் அழியாது.

ஆக எல்லா வசனத்தையும் புதிதாகப் பேச வேண்டும். சௌந்தரவல்லியைப் போன்ற குரல் வேண்டும். தாட்சாயணியைக் கூப்பிட்டார்கள்.

ஒன்பது ரீல்கள் பேசினாள். நான் பதிந்தேன். பத்தாவது ரீலின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. லேபில் பிரித்தெடுக்க மாதங்கள் ஆயின. போன வாரம்தான் வந்தது. அதற்குள் அவள் போய் நாலு மாதம் ஆகிவிட்டது.

“ஷோபிகான்னு ஒரு பொண்ணு” என்றார் பானுமூர்த்தி. “சீரியல்ல மருமகளுக்கெல்லாம் குடுக்குது. உன் சம்சாரத்து கொரல் அப்படியே இருக்குப்பா.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “தப்பா எடுத்துக்காத.”

“கடைசி ரீல் மட்டும்தானே?”

“பொருந்திச்சுன்னா கடைசி ரீல் மட்டும். பொருந்தலன்னா மொதல்லேர்ந்து அவளையே பேச வெச்சுடுவோம். ஒரு படத்துல ரெண்டு கொரல் வேணாம், கொரல் மாறி பெத்தம்மா ஒரு தடவ பட்டது போதாதா?”

நான் இங்கே வந்ததன் காரணம் அதுதான். ரத்னப்ரபாவுக்காக அல்ல. பத்தாவது ரீல் பொருந்தினால் அந்த ஒன்பது ரீலும் நிற்கும். பொருந்தாவிட்டால் அழிப்பார்கள். தாட்சாயணியின் குரல் வேறெங்கும் இல்லை. சீரியல்களில் பேசியதெல்லாம் குழந்தை, பேய், பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய சொந்தச் சுருதியில், வேஷம் போடாத குரலில் பேசியது இந்தப் படத்தில் மட்டும்தான். ஒலிப்பதிவாளன் வீட்டில் மனைவியின் குரல் ஒரு நிமிஷம் கூடப் பதிந்து வைக்கப்படவில்லை. சமையல்காரன் வீட்டில் அடுப்பு எரியாது என்பாள் அவள்.

என்னைக் ‘காது’ என்று கூப்பிடுவாள். வெளியே அல்ல. இருவர் மட்டும் இருக்கும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. மைக் சரிபார்க்க மற்றவர்கள் ஹலோ ஹலோ என்பார்கள். அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்.

“ஏழு, காது. ஓகேவா?”

அந்த ழகரத்தை வைத்து மைக்கின் லட்சணத்தைச் சொல்லிவிடலாம் என்பாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. டப்பிங் கலைஞர் சங்கத்தில் பாதிப் பேர் ஏளு என்பார்கள். அவர்களைப் பேர் சொல்லித் திட்டுவாள். ரத்னப்ரபாவின் நாடாவைக் கேட்டுவிட்டு நாள் முழுக்கச் சிரித்தாள். “இருபது வருஷம் எண்ணியிருக்கு, ஏழு வரலியே இந்தம்மாவுக்கு. ஏளு, ஏளுங்குது. ஆட்டுக்குட்டி மாதிரி.”

இந்தப் படம் ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது. பகலில்தான். நான் எடுத்தால் வைத்துவிடுவார்கள். அவள் எடுத்தால் வைக்க மாட்டார்கள். “ஹலோ... யாருங்க... ஹலோ...” என்று அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஏதோ பொறுக்கி என்று நினைத்தோம்.

பிறகு ஜுரம். டெங்கு என்றார்கள், அப்புறம் வேறு பெயர் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி மதியம் அவள் கண்ணைத் திறக்காமல் எண்ண ஆரம்பித்தாள். மெல்ல, அழுகிற குரலில். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு விக்கல். நாலு, அஞ்சு, ஆறு.

“ஏளு” என்றாள்.

தலை சாய்ந்துவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் சங்கத் தலைவர், “கடைசி மூச்சிலும் தமிழை உச்சரித்தவர்” என்று முழங்கினார். பக்கத்தில் இல்லவே இல்லாத மனிதர். மாமியார் கேட்பவர்களிடமெல்லாம், ‘அம்மா என்று கூப்பிட்டாள்’ என்றார். நான் யாரையும் திருத்தவில்லை. ஜுரத்தில் உளறல் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் எவ்வளவு ஜுரமென்றாலும் அவள் வாயில் அந்த ளகரம் வராது. அது எனக்குத் தெரியும்.

ஷோபிகா ஏற்கெனவே உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது.

“அண்ணா, வணக்கம்ணா. அக்காவோட ஒரு தடவ கூட்டத்துக்குக் கொரல் குடுத்திருக்கேன். என் ழகரத்தக் கேட்டுட்டு, ‘நீ பேசாத தாயி, ஐயோ ஐயோன்னு மட்டும் கத்து’ன்னாங்க.” சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். “அப்புறம் தெனம் வெத்தலைய மடிச்சு நாக்குக்கடியில வெச்சு பழகுனேன்ணா. இப்ப வரும்.”

“உள்ள போ. எண்ணிக் காட்டு. லெவல் பாக்கணும்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். காதில் கருவியை மாட்டினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போனாள். “ஏழு” என்றாள். சுத்தமாக இருந்தது. தாட்சாயணி கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பாள்.

அறையில் ஏ.சி. குளிரோடு ஒரு புளித்த நெடி. பழைய படச்சுருள் கெடும்போது வரும் காடி வாசனை. இந்த அறையில் சுருள் எதுவும் இல்லை. எல்லாம் கணினிக்கு வந்தாயிற்று.

ஷோபிகாவின் கைபேசி பைக்குள் அதிர்ந்தது.

“அதுவாத்தான் இருக்கும்” என்றாள் மைக்கில். “ரெண்டு நாளா ஒரு நம்பர்ணா. எடுத்தா பேச மாட்டேங்குறாங்க. நான் ஹலோ ஹலோன்னு கத்துறத கேட்டுட்டே இருக்காங்க. எங்க வீட்டுக்காரர், ‘ஒனக்கும் ரசிகர் சேந்துட்டாங்க’ன்னு கிண்டல் பண்றாரு.”

“எந்த நம்பர்?”

“அங்கதாண்ணா இருக்கு, பாருங்களேன்.”

பார்த்தேன். லேண்ட்லைன் எண். கைபேசி அதிர்ந்து முடிந்து அடங்கியது.

 பத்தாவது ரீலை ஓட விட்டேன். ரத்னப்ரபாவின் நாடாவை அதனோடு சேர்த்து விட்டேன். அந்த ரீலின் நாடாவை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. படமில்லாமல் அதற்கென்ன வேலை?

திரையில் அவள் போக்கிரிப் புருஷனின் மடியில் கிடந்தாள். தலைமாட்டில் குத்துவிளக்கு. செத்துக்கொண்டிருக்கும்போதும் பொட்டு கலையவில்லை. பணக்கார வீட்டுப் பொம்மை. இந்த முகத்துக்காகவா ஒரு தலைமுறையே மூக்கைச் சிந்தியது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் உதடு அசைந்தது. ஒலிபெருக்கியில் அந்தக் கட்டைக் குரல், மூக்கிலிருந்து.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

ஒரு விக்கல்.

நாலு. அஞ்சு. ஆறு.

ஏளு.

தலை சாய்ந்தது.

என் விரல்கள் விசைப்பலகையின் மேல் இருந்தன. எடுக்க முடியவில்லை.

மறுபடி ஓட்டினேன். ஒலியை அளப்பதுதான் என் வேலை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே அந்த விக்கலின் நீளம். ஆறுக்குப் பிறகு இழுத்துவிட்ட மூச்சு. தலை விழும்போது தொண்டையில் கேட்ட அந்தச் சின்ன அடைப்பு. ஆஸ்பத்திரியில் நான் கேட்டது இதைத்தான். இப்படியே. இம்மி பிசகாமல்.

தாட்சாயணி இந்த ரீலின் நாடாவைக் கேட்டதே இல்லை.

“அண்ணா? எடுக்கலாமா?”

“இரு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கூடத்தில் படத்துக்குக் கீழே ஒரு கறுப்புத் தொலைபேசி உண்டு. அலங்காரத்துக்கு வைத்தது. வயரைப் பானுமூர்த்தி எப்போதோ அறுத்து, சாவிக்கொத்து மாட்டும் கயிறாக்கியிருந்தார். எண் சுழற்றும் வட்டத்தின் நடுவே, ஒரு சின்ன அட்டையில் வீட்டு எண்ணை அழகாக எழுதியிருந்தார்கள். படித்தேன். முன்னால் ஒரு ரெண்டு மட்டும் குறைந்தது, அந்தக் காலத்து எண் என்பதால். மற்றபடி ஷோபிகாவின் கைபேசியில் பார்த்த அதே எண்.

சௌந்தரவல்லியின் மகள் புஷ்கலா இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்தார். எண் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கூப்பிட்டேன்.

“அம்மாவுக்கு ரத்னப்ரபா வீட்லேர்ந்து போன் வருமா?”

“யாரு, தாட்சா வீட்டுக்காரரா? யார் வீட்லேர்ந்து... ஓ, அந்தம்மா வீடா?” புஷ்கலா சிரித்தார். “தெனமும் வரும். எடுத்தா பேச மாட்டா. எங்கம்மா பேசப் பேச கேட்டுட்டு வெச்சுடுவா. ‘பாவம்டி, பாடம் படிக்கிறா’ம்பாங்க அம்மா. பாவமாம்! ஒரு தடவ வீட்டு வாசப்படி மிதிச்சதில்ல. சாவுக்கும் வரல.”

“அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?”



“எதுக்கு இப்ப அது?”

“சொல்லுங்க.”

“என்னமோ எண்ணுனாங்க. பாத்திரம் எண்ணுறாங்களாக்கும்னு நெனச்சோம்.” குரல் தணிந்தது. “ஆறு, ஏளுன்னாங்க. எனக்கு அப்பவே திக்குன்னுது. எங்கம்மா வாயில ழ வராம நான் கேட்டதே இல்ல தம்பி. நீங்க எங்கேர்ந்து பேசுறீங்க?”

நான் இணைப்பைத் துண்டித்தேன்.

உள்ளே போனபோது ரீல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தேன். நாடாவின் ஒலியையும் அடைத்திருந்தேன். ஷோபிகாவின் காதில் எதுவும் கேட்டிருக்க வழியில்லை. அவள் மைக் முன்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் பக்கவாட்டில் தொங்கின.

உதடுகள் அசைந்தன.

“...அஞ்சு... ஆறு... ஏளு.”

அழுகிற குரல்.

கதவைத் திறந்து அவள் காதிலிருந்த கருவியைப் பிடுங்கினேன். காடி நெடி மூக்கில் அடித்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். முகத்தில் ஒன்றுமில்லை, வெறும் தூக்கக் கலக்கம்.

“என்னணா?”

“என்ன சொன்ன இப்போ?”

“நானா? நான் எதுவும் சொல்லலியே. நீங்க இருன்னீங்க, இருந்தேன்.” தொண்டையைத் தடவினாள். “என்னமோ கட்டுன மாதிரி இருக்கு. ஏ.சி. ஒத்துக்கல போல.”

“ஏழுன்னு சொல்லு.”

“ஏளு” என்றாள். புருவத்தைச் சுருக்கினாள். “ஏ... ஏளு. அட. ஏண்ணா வர மாட்டேங்குது?”

“வீட்டுக்குப் போ.”

“டேக்கு?”

“டேக் இல்ல. இந்தம்மாவுக்கு நீ பேச வேண்டாம். போனத் தூக்கிப் போடு. நம்பர மாத்து. அந்த நம்பர்லேர்ந்து வந்தா ஒரு வார்த்த பேசாத. உங்க வீட்டுக்காரர எடுக்கச் சொல்லு.”

“கோவமாணா? நான் சரியா பண்ணலியா? அக்கா எடத்துல நிக்குறேன்னு...”

“ஷோபிகா. போ.”

பையை எடுத்துக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது. என்னைக் கிறுக்கன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். வாசலில் பானுமூர்த்தி கத்துவது கேட்டது. “என்ன தம்பி, பொண்ணு ஓடுது? பெத்தம்மா இன்னிக்கும் சாகலியா?”

கதவை உள்ளே தாழிட்டேன்.

ஷோபிகா போனால் நாளை இன்னொருத்தி வருவாள். ஒன்பது ரீல் தயாராக இருக்கும்வரை பத்தாவதுக்கு யாரையாவது கூட்டி வந்து இந்த மைக் முன்னால் நிறுத்துவார்கள். ஒன்பதும் இல்லையென்றால்? முதலிலிருந்து பேச வைப்போம் என்று வாயால் சொன்னாலும், அதற்குச் செலவழிக்கும் அளவுக்குப் பானுமூர்த்தி தன் பெத்தம்மாவை மதிக்கவில்லை. படத்தையே கைவிட்டுவிடுவார்.

வழி ஒன்றுதான். அதுவும் என் கையிலேயே இருந்தது.

ஒருமுறை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று தோன்றியது. முதல் ரீலில் ஒரு இடம். ‘வாங்க, சாப்பிடலாம்’ என்ற வெறும் வசனம். அதைச் சொல்லிவிட்டு அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள், பசி என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள். கேட்டால் அழிக்க மாட்டேன் என்று தெரியும். கேட்கவில்லை.

ஒவ்வொன்றாக அழித்தேன். மறுபடி எடுக்க முடியாதபடி. தனியாக வைத்திருந்த டிஸ்கிலும் அழித்தேன். திரையில் ரத்னப்ரபா அழுதாள், விளக்கேற்றினாள், புருஷன் காலைத் தொட்டாள், வாயைத் திறந்து திறந்து மூடினாள். தண்ணீர்த் தொட்டியில் மீன் போல. தாட்சாயணி இல்லாமல் அவள் அவ்வளவுதான். எப்போதுமே அவ்வளவுதான். ஒரு முகம், அதில் ஒரு ஓட்டை.

கடைசியாக அவள் எண்ணிய நாடாவையும் அழித்தேன். அதில் மட்டும் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

பிறகு அறை அமைதியானது. ஏ.சி. கூட நின்றுவிட்டது போலிருந்தது.

என் மனைவியின் குரல் இனி உலகத்தில் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் தோன்றவில்லை. மதியம் என்ன சாப்பிடுவது என்று யோசித்தேன்.

திரையில் பத்தாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் அவள் மறுபடி செத்தாள். உதடு ஏழுமுறை அசைந்தது. தலை சாய்ந்தது.

படம் அங்கேயே நின்றது.

நான் நிறுத்தவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கை அணைத்திருந்தேன். மைக்கை மூடியிருந்தேன். இருட்டில் அதன் தண்டு மட்டும் லேசாகத் தெரிந்தது. ஆளில்லை.

என் முன்னால், மைக்கின் அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின.

மூச்சு. யாரோ மைக்குக்கு மிக அருகில் நின்றால் விழும் மூச்சு.

பச்சை இறங்கியது. ஏறியது. இறங்கியது.

காடி நெடி இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது.

திரையில் சாய்ந்த தலை, கண் மூடிய முகம், கலையாத பொட்டு. அந்த முகத்தில் உதடு மட்டும் பிரிந்தது. நாக்கு மேலே எழும்பி, மெல்ல உள்நோக்கி வளைந்தது. தேடித் தேடி ஓர் இடத்தைத் தொட்டது. பொறுமையாக, பாடம் படிக்கிறவளைப் போல.

ஒலிபெருக்கியில் வந்த குரல் தாட்சாயணியுடையது அல்ல. அதை நான்தான் அழித்துவிட்டேனே. இது கட்டைக் குரல். மூக்கிலிருந்து வருவது. இருபது வருடம் எண்களைத் தவிர ஒரு வார்த்தை தமிழ் பேசாதவளின் சொந்தக் குரல். ஆனால் அந்த ழகரத்தை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன்.

“ஏழு, காது. ஓகேவா?”